ஆயா மறக்காத பாட்டு

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்து. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். முதல் நாள் ராத்திரியே கூம்பு ஸ்பீக்கர் கட்டியாகிவிட்டது. விடிந்ததும் விடியாததுமாக எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் தெருவை எழுப்புகிறது.

கோயிலுக்கு நாலு வீடு தள்ளி, கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார் ஓர் ஆயா. வயது 80-ஐத் தொடும். பேத்தியை மகளின் பெயரால் கூப்பிடுகிறார். சாப்பிட்டுக் கை கழுவிய பத்தாவது நிமிடம், "எனக்கு இன்னும் சோறு போடல" என்கிறார். வேலை முடிந்து வருகிற மகனைப் பார்த்து, "யாருப்பா நீ?" என்று கேட்கிற நாளும் உண்டு.

ஸ்பீக்கரில் பாட்டு மாறுகிறது. ஆயாவின் உதடு அசைகிறது. பல்லவி முடிந்து முதல் சரணம், அப்புறம் இரண்டாவது சரணம். நடுவில் வருகிற உடுக்கைச் சத்தத்துக்குத் தொடையில் தாளம் வேறு. ஒரு சொல் தப்பவில்லை.

"நைனா, இங்க வந்து பாரு. ஆயா ஃபுல்லா பாடுது!" என்று பேத்தி கத்துகிறாள். மகன் வந்து வாசற்படியில் நிற்கிறார். அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் மனதில் ஒரு முள்ளும் குத்துகிறது. "பெத்த புள்ள பேரு மறந்துபோச்சு. பாட்டு மட்டும் எப்படிம்மா மறக்கல?"

இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பதல்ல. மறதி நோயுள்ள முதியவர்கள் வாழ்கிற வீடுகளில் அடிக்கடி நடக்கிற காட்சி. அந்த மகனின் கேள்விக்கு அறிவியலில் ஓரளவுக்குப் பதில் இருக்கிறது. தெரிந்துகொண்டால் அவர் மனம் கொஞ்சம் ஆறும். பேத்தியை வளர்ப்பதற்கும் அது உதவும்.

மனப்பாடம் செய்யாத பாடம்

ஆயாவை விடுங்கள். 40 வயதில் இருப்பவரைக் கேளுங்கள். பத்தாம் வகுப்பில் படித்த வேதியியல் சமன்பாடு ஒன்று சொல்லச் சொன்னால் விழிப்பார். அதே வருடம் வெளியான படத்தில் ஒரு பாட்டைச் சொன்னால், முன்னால் வருகிற வயலின் இசையிலிருந்து பாட ஆரம்பிப்பார். பாட்டு மட்டுமா? இலங்கை வானொலியில் வந்த கோபால் பல்பொடி விளம்பரத்தை இன்றைக்கும் அதே ராகத்தில் சொல்லிக் காட்டுகிற தாத்தாக்கள் இருக்கிறார்கள். அந்தப் பல்பொடியை அவர்கள் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

பாடத்தை நினைவில் வைக்க உட்கார்ந்து படித்தோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம். பாட்டை நினைவில் வைக்க யாரும் உட்காரவில்லை. அது பல் தேய்க்கும்போது கேட்டது, வாசல் தெளிக்கும்போது கேட்டது, அடிபம்பில் குடத்தோடு வரிசையில் நின்றபோது கேட்டது. பாடத்தைத் திரும்பப் படித்தது நாலைந்து முறை என்றால், பாட்டைத் திரும்பக் கேட்டது நூற்றுக்கணக்கான முறை. அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு மனநிலையில். ஒரே விஷயம் இப்படிப் பல வழியாக உள்ளே போகும்போது, அதைத் திரும்ப எடுப்பதற்கும் பல வழிகள் அமைந்துவிடுகின்றன.

இந்தப் பழக்கம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வடசென்னையில் பலர் முதன்முதலில் அழுதது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில். அந்த அழுகைக்கு முன்பே அம்மாவின் வயிற்றுக்குள் அவர்கள் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்மார்களை ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் பிறந்த பிறகு அதே மெட்டைக் கேட்டபோது, அதைக் கேட்டிராத குழந்தைகளைவிட அவர்களின் மூளை அதிகமாக எதிர்வினை காட்டியது. நாலு மாதம் ஆன பிறகும் அந்த வித்தியாசம் இருந்தது.

தெருவுக்கே ஒரு ரேடியோ

வண்ணாரப்பேட்டை போன்ற இடத்தில் பாட்டு எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்தால் இன்னும் புரியும்.

துறைமுகம், மில், ரயில்வே, துணி வியாபாரம் என்று உழைப்பவர்கள் நெருக்கி வாழ்ந்த பகுதி இது. ஒரே வளவுக்குள் ஏழெட்டுக் குடித்தனம். நடுவில் பொதுக் குழாய். ரேடியோ வாங்க எல்லோருக்கும் வசதி இல்லை. இருக்கிற வீட்டில் சத்தமாக வைப்பார்கள். இல்லாத வீட்டுக்கும் அதுதான் ரேடியோ. டீக்கடையில் ஒன்று, சலூனில் ஒன்று, சைக்கிள் கடையில் ஒன்று. தெருவில் ஒரு முனையில் ஆரம்பித்த பாட்டை நடந்துகொண்டே மறுமுனை வரை விடாமல் கேட்கலாம்.

1952-ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தியது. நேயர்கள் அப்படியே கடலைத் தாண்டி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவர்கள் ஏராளம். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்கள் சினிமா நட்சத்திரங்கள் மாதிரி பிரபலமானார்கள். 1957 அக்டோபரில் விவித்பாரதி தொடங்கிய பிறகு சினிமாப் பாட்டு இந்திய வானொலிக்கும் திரும்பி வந்தது.

யார் எந்தப் பாட்டைப் போட்டாலும் தெரு முழுக்கக் கேட்கும். பிடிக்கவில்லை என்று தள்ளிவிட முடியாது. ஆடியில் ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. இஸ்லாமியப் பண்டிகை நாட்களில் நாகூர் ஹனீபாவின் கம்பீரக் குரல். டிசம்பரில் ராயபுரம் பக்கத்து தேவாலயங்களிலிருந்து கிறிஸ்துமஸ் பாட்டு. தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு. எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும் எல்லாப் பாட்டும் பாதிக்குமேல் மனப்பாடம். இந்த ஊர்க்காரர் ஒருவர் தன் மதத்தில் இல்லாத பக்திப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்து இங்கே யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

பிறகு டேப் ரெக்கார்டர் வந்தது. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுகளை எழுதிக் கொடுத்து கேசட்டில் பதிந்து வாங்கியவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், அந்த ஓரிரு விநாடி அமைதியிலேயே, அடுத்த பாட்டு மனதுக்குள் ஓட ஆரம்பித்துவிடும். பல வருடம் கழித்து அந்தப் பாட்டை எஃப்.எம்.மில் கேட்டாலும், முடிந்தவுடன் கேசட்டில் அடுத்து இருந்த பாட்டைத்தான் காது தேடும். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆராய்ந்தது நம்ம பாரிமுனை ஜார்ஜ் டவுன் அல்ல, அமெரிக்காவின் வாஷிங்டனில் இருக்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். பழகிய வரிசையில் பாட்டைக் கேட்பவர்களின் மூளை, இரண்டு பாட்டுக்கு நடுவில் இருக்கிற அமைதியில் அடுத்த பாட்டுக்குத் தயாராவதை 2009-ல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. பாட்டோடு சேர்த்து, அதற்குப் பின்னால் எது வரும் என்பதையும் மூளை பதிந்து வைக்கிறது.

முதல் சம்பளமும் முதல் சட்டையும்

சிறு வயதில் கேட்ட எல்லாப் பாட்டும் ஒரே ஆழத்தில் பதிவதில்லை. முதியவர்களிடம் 'உங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லுங்கள்' என்று கேட்டால், அதிகமாக வருவது பத்து வயதுக்குமேல் முப்பது வயதுக்குள் நடந்த விஷயங்கள். உளவியலில் இதை 'நினைவு மேடு' என்று சொல்லலாம். நினைவுகளை வயதுவாரியாகக் கோடு போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் கோடு மேடாக எழும்பி நிற்கும்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். 'நான் யார்' என்று ஒருவர் முடிவு செய்கிற வயது அது. முதல் நட்பு, முதல் காதல், முதல் வேலை எல்லாம் அப்போதுதான். முதல் சம்பளத்தில் எம்.சி. ரோட்டில் சட்டை எடுத்து, அதைப் போட்டுக்கொண்டு மகாராணி தியேட்டருக்கோ தண்டையார்பேட்டை அகஸ்தியாவுக்கோ போயிருப்பார். அன்றைக்குத் திரையில் ஓடிய பாட்டு வெறும் பாட்டாகப் பதிவதில்லை. புதுச்சட்டையின் வாசனை, பக்கத்தில் இருந்த நண்பன், இடைவேளை முறுக்கு எல்லாம் அதோடு சேர்ந்து பதிகின்றன. 1967-ல் திறந்த அகஸ்தியா 2020-ல் மூடிவிட்டது. பாட்டைப் போட்டால் அந்தத் தியேட்டர் மனதில் மறுபடி திறக்கிறது.

அதனால்தான் ஒவ்வொரு தலைமுறையும் 'எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா?' என்று கேட்கிறது. தாத்தாவுக்கு விஸ்வநாதன் - ராமமூர்த்தி. அப்பாவுக்கு இளையராஜா. அண்ணனுக்கு ரகுமானும் தேவாவும். மூவர் சொல்வதும் உண்மை. ஒவ்வொருவரும் பாட்டோடு சேர்த்துத் தன் இருபது வயதையும் கேட்கிறார்கள்.

இதில் சுவையான திருப்பம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கரோல் க்ரம்ஹான்ஸ்ல் என்ற உளவியல் பேராசிரியர், இருபது வயதை ஒட்டிய மாணவர்களுக்குப் பல ஆண்டுகளின் பிரபலமான பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். தங்கள் பருவத்துப் பாட்டுகள் அவர்களுக்குப் பிடித்ததில் வியப்பில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன், அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகளும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தன, பிடித்தும் இருந்தன. 2013-ல் இந்த முடிவு வெளியானது. வீட்டில் அம்மாவும் அப்பாவும் கேட்ட பாட்டு, பிள்ளைகளுக்குச் சொத்தாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கல்லூரிக்குப் போகும் வழியில் 1980-களின் பாட்டை முணுமுணுக்கிற வண்ணாரப்பேட்டைப் பையனுக்கும் அது அப்படித்தான் வந்திருக்கும்.

காகிதம் இல்லாத கானா

நினைவில் பாட்டு நிற்பதற்கு வடசென்னையிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. அது கானா.

சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடுவார்கள். கையில் காகிதம் இருக்காது. பழைய நாளில் வாத்தியம்கூடப் பெரிதாக இல்லை. அலுமினியக் குடம், தீப்பெட்டி, மேசைப் பலகை என்று கைக்குக் கிடைத்ததில் தாளம். இறந்தவரின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து அங்கேயே வரி கட்டுவார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் ரிக்ஷா ஓட்டியவர்களும் இப்படி நூற்றுக்கணக்கான வரிகளைத் தலைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அந்தக் குரல்தான் தேவாவின் இசையில் 1990-களில் திரையெங்கும் ஒலித்தது. 2006-ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதனையும், 2012-ல் 'அட்டகத்தி' படத்தில் கானா பாலாவையும் தமிழ்நாடே கேட்டது.

எழுதி வைக்காமல் எப்படி நினைவில் நின்றது? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் ரூபின் 1995-ல் வெளியிட்ட புத்தகம் இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். காவியங்கள், கதைப்பாடல்கள், யார் 'அவுட்' என்று எண்ணும்போது குழந்தைகள் சொல்கிற விளையாட்டுப் பாட்டுகள் எல்லாவற்றையும் அவர் ஆராய்ந்தார். வாய்மொழிப் பாட்டில் ஒவ்வொரு சொல்லையும் பல கயிறுகள் ஒரே நேரத்தில் கட்டிப் பிடித்திருக்கின்றன. பொருள் ஒரு கயிறு. தாளம் ஒரு கயிறு. மெட்டு ஒரு கயிறு. ஓசை ஒத்துப்போவது இன்னொரு கயிறு. ஒரு சொல் மறந்துபோனால், அந்த இடத்துக்கு இத்தனை மாத்திரையில், இந்த எழுத்தில் தொடங்குகிற சொல்தான் பொருந்தும் என்று மற்ற கயிறுகள் இழுத்துக் கொடுத்துவிடும்.

தமிழனுக்கு இது புதிதல்ல. எதுகை, மோனை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஔவையார் ஆத்திசூடியை அகர வரிசையில் செய்ததிலும், திண்ணைப் பள்ளியில் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்ல வைத்ததிலும் இந்தச் சூட்சுமம்தான் இருக்கிறது. கடலில் வலை இழுக்கும்போது மீனவர்கள் பாடிய அம்பாப் பாட்டில் இன்னொரு கயிறும் சேர்ந்தது. அது உடம்பு. எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டிய இடத்தில் பாட்டின் தட்டு விழும். கை மறக்காதவரை பாட்டும் மறக்காது.

கயிறுகள் இழுப்பதால் சில வேடிக்கையும் நடக்கும். சின்ன வயதில் ஒரு வரியைத் தப்பாகக் கேட்டிருப்போம். பொருள் வராது. ஆனால் தாளத்துக்கும் ஓசைக்கும் பொருந்தும். நாற்பது வயதில் சரியான வரி தெரிந்த பிறகும், வாய் திறந்தால் பழைய தப்புதான் வரும்!

பெயர் ஓர் இடம், பாட்டு ஓர் இடம்

இப்போது அந்த மகனின் கேள்விக்கு வரலாம்.

ஒருவருடைய பெயர் என்பது தனியாக நிற்கிற ஒரு சொல். அதை இழுத்துக் கொடுக்கத் தாளமும் கிடையாது, எதுகையும் கிடையாது. அதனால்தான் நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவர்களுக்கும் முதலில் நழுவுவது பெயர். அல்சைமர் நோயில் பொதுவாக முதலில் அடிபடுவது, புதிய நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. காலையில் சாப்பிட்டோமா என்பது பதிவாகாமல் போவதும், மகனின் நரைத்த முகம் பழைய இளம் முகத்தோடு பொருந்தாமல் போவதும் இப்படித்தான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பீட்டர் யனாட்டா என்ற ஆய்வாளர் 2009-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். மாணவர்களுக்கு அவர்களின் 8 முதல் 18 வயதுக்குள் பிரபலமாக இருந்த பாட்டுத் துண்டுகளைப் போட்டு, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். பழகிய பாட்டு சொந்த வாழ்க்கை நினைவைக் கிளறியபோது, நெற்றிக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஒரு பகுதி சுறுசுறுப்பானது. பாட்டு, உணர்ச்சி, சொந்த நினைவு மூன்றும் சந்திக்கிற சந்திப்பு மாதிரி அந்தப் பகுதி இயங்கியது. அல்சைமர் நோய் மூளையை அரித்துக்கொண்டு வரும்போது கடைசியாகப் பாதிக்கப்படும் பகுதிகளில் அதுவும் ஒன்று.

பேச்சும் பாட்டும் மூளையில் முழுக்க ஒரே பாதையில் போவதில்லை என்பதும் தெரிந்த விஷயம். பக்கவாதத்தில் மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்த சிலர், பழைய பாட்டைச் சொற்களோடு பாடுவார்கள். இதை வைத்தே, பேச வேண்டிய வாக்கியத்தை ராகத்தோடு சொல்லப் பழக்குகிற ஒரு சிகிச்சையை 1973-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர நிபுணர்கள் உருவாக்கினார்கள். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

ஆகவே ஆயா மகனைவிடப் பாட்டைப் பெரிதாக நினைத்து வைத்திருக்கிறார் என்று பொருள் இல்லை. பெயர் இருந்த அறையின் கதவு சிக்கிக்கொண்டது. பாட்டு இருக்கிற அறையின் கதவு இன்னும் திறக்கிறது. அந்த இரண்டாவது அறையில் மகனும் இருக்கக்கூடும். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, தூளியை ஆட்டிக்கொண்டே ஆயா முணுமுணுத்தது இந்த அம்மன் பாட்டாகவும் இருக்கலாம்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்வதாக 2023-ல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது. 'என்னை மறந்துட்டாங்க' என்ற வலியோடு அதைவிட அதிகமான மகன்களும் மகள்களும் மருமகள்களும் இருப்பார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாட்டு மறதி நோயைக் குணப்படுத்தாது. பாடி முடித்த ஐந்தாவது நிமிடம் ஆயா மறுபடி, "சோறு போடல" என்பார். பாட்டு தருவது, பாட்டு ஓடுகிற நேரத்துக்கு ஒரு நிம்மதியும், வீட்டில் இருப்பவர்களோடு ஓர் ஒட்டுதலும். அந்த வீட்டுக்கு அதுவே பெரிய விஷயம்.

காதுக்குள் தனித்தனித் தெரு

2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ ரயில் வந்தது. காலை நேரத்தில் ஏறிப் பாருங்கள். பாதிப்பேர் காதில் இயர்போன். அத்தனை காதிலும் அத்தனை பாட்டு. ஒருவர் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

இதைக் குறையாகச் சொல்லிவிட முடியாது. விருப்பப்பட்ட பாட்டை விருப்பப்பட்ட நேரத்தில் கேட்பது ஒரு வசதி. தெருவுக்கே ஒரு ஸ்பீக்கர் என்ற நிலை பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும், உடம்பு சரியில்லாதவருக்கும் எவ்வளவு தொல்லை என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். இன்றைய பிள்ளைகளுக்கும் அறுபது வயதில் இன்றைய பாட்டு நினைவில் நிற்கத்தான் போகிறது. மூளை அதற்காக மாறிவிடவில்லை.

வீட்டில் வேறொன்று குறைகிறது. பேத்தி கேட்கிற பாட்டு அம்மாவுக்குத் தெரியாது. அம்மா கேட்கிற பாட்டு பேத்தி காதில் விழுவதில்லை. கார்னெல் மாணவர்களுக்கு அப்பா, அம்மாவின் பாட்டு கிடைத்ததற்குக் காரணம் ஒரே கூடத்தில் எல்லோரும் கேட்டதாக இருக்கலாம். அது இல்லாத வீட்டில், நாளைக்கு இந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தால், மகளுக்கு அது என்ன பாட்டு என்றே தெரியாமல் போகலாம். அடுத்த வரியை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு

இதற்குப் பெரிய செலவு இல்லை. கையில் இருக்கிற போனே போதும்.

வீட்டில் இருக்கிற பெரியவரின் பிறந்த வருடத்தோடு 10-ஐக் கூட்டுங்கள். பிறகு 25-ஐக் கூட்டுங்கள். அந்த இரண்டு வருடங்களுக்கு நடுவில் வந்த பாட்டுகளில்தான் அவருடைய புதையல் இருக்க வாய்ப்பு அதிகம். 1950-ல் பிறந்தவருக்கு அது 1960 முதல் 1975 வரை. டி.எம்.எஸ்., சுசீலா, ஈஸ்வரி எல்லோரும் அதில் வந்துவிடுவார்கள். 1962-ல் பிறந்தவருக்கு 1972 முதல் 1987 வரை. 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா அதில் இருப்பார்.

சினிமாப் பாட்டோடு நிறுத்த வேண்டாம். கோயில் பாட்டு, தேவாலயப் பாட்டு, பள்ளிவாசல் பக்கம் கேட்ட பாட்டு, கட்சிப் பாட்டு, விளம்பரப் பாட்டு, அவர் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டு. எது கதவைத் திறக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

டி.வி.யை நிறுத்திவிட்டு, அளவான சத்தத்தில், ஒரு நேரத்தில் நாலைந்து பாட்டு போதும். நாள் முழுக்க ஓடவிட்டால் அது வெறும் இரைச்சலாகிவிடும். பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சில பாட்டு துக்கத்தையும் கிளறும். கணவர் இறந்த நாளில் பக்கத்து வீட்டில் ஒலித்த பாட்டாக இருக்கலாம். முகம் வாடினால் மாற்றிவிடுங்கள். 'இது என்ன படம், யார் பாடினது?' என்று பரீட்சை வைக்கவும் வேண்டாம். கூடச் சேர்ந்து பாடினால் போதும். ராகம் தப்பினால் பரவாயில்லை.

நன்றாக இருக்கிற பெரியவர்களிடம் இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். அவர்களுக்குத் தெரிந்த தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு, ஒப்பாரி, கானா எதுவாக இருந்தாலும் போனில் பதிந்து வையுங்கள். சினிமாப் பாட்டு எங்கேயும் போய்விடாது, யூடியூபில் கிடைக்கும். ஆயா சொந்தமாகக் கட்டிப் பாடிய தாலாட்டு ஆயாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

வாரத்தில் ஒரு மணி நேரம் எல்லோரும் இயர்போனைக் கழற்றிவிட்டு, ஒரே ஸ்பீக்கரில் ஆளுக்கொரு பாட்டுப் போட்டுக் கேட்கலாம். பேத்தியின் பாட்டுக்கும் முறை வர வேண்டும். நாளைக்கு அவளுக்கு 80 வயதாகும்போது அடுத்த வரியை எடுத்துக் கொடுக்க யாராவது வேண்டுமே!

சந்தில் கூழ் ஊற்றி முடித்துவிட்டார்கள். ஸ்பீக்கரை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாசற்படியில் நின்ற மகன் உள்ளே வந்து கட்டிலில் உட்காருகிறார். பாதியில் நின்ற பாட்டை அவர் மெதுவாக எடுக்கிறார். சரணத்தில் ஒரு சொல் தடுமாறுகிறது. ஆயா திரும்பிப் பார்த்து, அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லைதான். மகன் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.